பட்டாளத்தோடே வந்த பாட்டனார்

படிவம் 3 படித்தபோது நானிங் போரைப் பற்றி எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். டோல் சைட், பத்தில் ஒரு பங்கு வரி, 1831, 1832. 'பிரிட்டிஷ் படை நானிங்கைத் தாக்கியது' என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். அந்தப் 'பிரிட்டிஷ் படை'யில் பெரும்பாலோர் மதராஸிலிருந்து கப்பலில் வந்த சிப்பாய்கள் என்பதோ, அதற்கும் என் குடும்பத்துக்கும் தொடர்பு உண்டு என்பதோ அன்று எனக்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் 'சிப்பாய்த் தாத்தா' என்று ஒருவர் உண்டு. அவருக்குப் படம் கிடையாது. கல்லறை கிடையாது. கல்யாண வீடுகளில் பெரியவர்கள் கூடினால் மட்டும் அவர் பேச்சு வரும். "நாம துப்பாக்கி பிடிச்ச குடும்பம்" என்று என் மாமா மீசையைத் தடவிக்கொண்டு சொல்வார். என் அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு இப்போது 81 வயது. அவருடைய தாத்தாவின் தாத்தாதான் அந்தச் சிப்பாய்த் தாத்தா. என்னிலிருந்து எண்ணினால் ஆறு தலைமுறைக்கு முந்தியவர்.

பல்கலைக்கழகத்தில் நான் கணக்கியல் படிக்கிறேன். வரலாறு என் துறை இல்லை. சென்ற ஆண்டு விடுமுறையில் பாட்டி ஒரு வேலை கொடுத்தார். "நான் கண்ண மூடுறதுக்குள்ள சிப்பாய்த் தாத்தா பேரை எங்கேயாச்சும் கண்டுபிடிச்சுக் குடு கண்ணு. அவர் பேர் கூட நமக்குத் தெரியலையே." அந்த ஒரு பெயரைத் தேடிய கதைதான் இது.

நோட்டில் இருந்த மூன்று வரி

கையில் இருந்த ஆதாரங்கள் இரண்டே இரண்டு. ஒன்று, பாட்டியின் தாத்தா எழுதி வைத்த பழைய நோட்டு. மற்றொன்று, அவர் பெயரில் 1899இல் பதிவான நில கிராண்ட்.

நோட்டில் பெரும்பாலும் வரவு செலவுக் கணக்கு. கடைசிப் பக்கங்களில் பிறப்பு, இறப்பு, திருமணம். அவற்றுக்கு முன்னால் இந்த மூன்று வரிகள்:

'கர வருஷம் தை மாசம் பாட்டனார் பட்டாளத்தோடே மலாக்கா வந்தது. பட்டாளம் திரும்பிப் போச்சுது. பாட்டனார் போகவில்லை.'

அதற்குக் கீழே, 'சுபகிருது வருஷம் தகப்பனார் பிறந்தது' என்று ஒரு வரி. அவ்வளவுதான். பாட்டனாரின் பெயர் இல்லை. பெரியவர்களின் பெயரை வாயால் சொல்லக் கூடாது, கையால் எழுதக் கூடாது என்ற மரியாதை அது. அந்த மரியாதைதான் எனக்கு முதல் தடையாக நின்றது.

கர வருடம் எது?

தமிழ் வருடப் பெயர்கள் 60. ஒரு சுற்று முடிந்தால் அதே பெயர்கள் மீண்டும் வரும். 2011 ஏப்ரலில் பிறந்தது ஒரு கர வருடம். அதற்கு முன் 1951, 1891, 1831. பழைய குடும்பக் குறிப்புகளைப் படிக்கும்போது பலரும் தடுக்கி விழும் இடம் இது. வருடப் பெயர் சரியாக இருக்கும். ஆனால் எந்தச் சுற்று என்று தெரியாமல் 60 ஆண்டுகள் தள்ளிப் போய்விடுவோம்.

இங்கே நில கிராண்ட் கைகொடுத்தது. நோட்டை எழுதியவர் 1899இல் தம் பெயரில் நிலம் வைத்திருந்த ஆள். அவருடைய பாட்டனார் 1891இல் முதன்முதலாக மலாக்காவுக்கு வந்து, அதன் பிறகு மகன் பிறந்து, அந்த மகனுக்கு இவர் பிறந்திருக்க முடியாது. ஆகவே அது 1831இல் தொடங்கிய கர வருடம். 'தகப்பனார் பிறந்த' சுபகிருது 1842. கணக்கு ஒத்துப்போனது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. தமிழ் வருடம் சித்திரையில் தொடங்குகிறது. எனவே கர வருடத்தின் தை மாதம் 1831இல் வராது. 1832 ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரைக்கும்தான் வரும். நான் முதலில் 1831 என்றே எழுதி வைத்திருந்தேன். ஓர் ஆண்டுதானே என்று நினைக்காதீர்கள். அந்த ஓர் ஆண்டில்தான் கதையே மாறுகிறது.

இரண்டு படையெடுப்புகள்

1824ஆம் ஆண்டு ஆங்கில-டச்சு ஒப்பந்தத்தால் மலாக்கா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1826இல் பினாங்கு, சிங்கப்பூர், மலாக்கா மூன்றும் சேர்ந்து நீரிணைக் குடியேற்றங்கள் ஆயின. இந்த ஊர்களுக்குக் காவல் இருக்க மதராஸ் படையின் காலாட்படைப் பிரிவுகள் முறை வைத்து அனுப்பப்பட்டன. சில ஆண்டுகள் இருந்துவிட்டு அவை திரும்பிப் போகும். வேறொரு பிரிவு வரும். பினாங்கில் இன்றும் 'சிப்பாய் லைன்ஸ்' என்று ஒரு சாலை இருப்பது அந்தக் காலத்தின் மிச்சம். அந்தச் சிப்பாய்களில் தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள் என எல்லாரும் இருந்தார்கள். ஒரு சிப்பாயின் அடிப்படைச் சம்பளம் மாதம் 7 ரூபாய்.

டச்சுக்காரர்கள் நானிங்கிடம் ஆண்டுக்கு 400 கந்தாங் நெல்லை ஓர் அடையாளக் காணிக்கையாக வாங்கி வந்தார்கள். ஆங்கிலேயர்களோ விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு தங்களுக்கு உரியது என்றார்கள். நானிங் தலைவர் டோல் சைட் மறுத்தார். 1831இல் மதராஸ் காலாட்படையின் 29ஆம் பிரிவைச் சேர்ந்த சுமார் 150 சிப்பாய்கள் இரண்டு பீரங்கிகளோடு புறப்பட்டார்கள். நானிங் மக்கள் மரங்களை வெட்டிப் பாதையில் சாய்த்தார்கள். உணவும் மருந்தும் வரும் வழி அடைபட்டது. படை பீரங்கிகளைக் காட்டிலேயே விட்டுவிட்டு மலாக்காவுக்குத் திரும்பியது.

அதன் பிறகுதான் மதராஸிலிருந்து கூடுதல் படை வரவழைக்கப்பட்டது. 1832 மார்ச்சில், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொண்ட இரண்டாவது படை கிளம்பியது. இம்முறை காட்டை வெட்டி அகலமாகப் பாதை போட்டுக்கொண்டே போனார்கள். ஜூன் 15 அன்று தாபோ விழுந்தது. இன்று மலாக்காவிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும் இடம் அது. அவர்களுக்கு மூன்று மாதம் பிடித்தது. இந்தப் போருக்குச் சுமார் 1 லட்சம் பவுன் செலவானதாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. வாங்க நினைத்த வரியோ அதில் ஒரு துளி.

எங்கள் பாட்டனார் வந்தது தை மாதம். அப்படியானால் அவர் வந்தது இந்த இரண்டாவது படையெடுப்புக்காக.

லண்டன் பட்டியலில் யார் இருக்கிறார்கள்?

காலமும் போரும் கிடைத்துவிட்டன; இனிப் பெயர்தான் பாக்கி என்று உற்சாகமாக இருந்தேன். மதராஸ் படையின் ஆவணங்களில் பெரும் பகுதி லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் 'இந்தியா ஆபீஸ் ஆவணங்கள்' தொகுப்பில் இருக்கிறது. அதன் பட்டியலை வீட்டிலிருந்தே இணையத்தில் தேடலாம். மதராஸ் படையின் ஆள் பதிவேடுகள், இறந்தோர் பட்டியல்கள் எல்லாம் ஆண்டுவாரியாக இருக்கின்றன.

ஆனால் அவை ஐரோப்பியர்களுடையவை. ஒரு சாதாரண ஆங்கிலேயப் படைவீரன் எந்த ஊரில் பிறந்தான், எந்தக் கப்பலில் வந்தான், எப்போது இறந்தான் என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. சுபேதார், ஜமேதார் போன்ற இந்திய அதிகாரிகளின் பெயர்கள் படைப் பட்டியல்களில் கிடைக்கலாம். அந்தக் காலத்துச் சாதாரணச் சிப்பாய்க்குத் தனிப்பட்ட பணிப்பதிவு அங்கே இல்லை.

சரி, நூல்களில் பார்ப்போம் என்று போனேன். மதராஸ் பீரங்கிப் படையின் கேப்டன் பெக்பி 1834இல் மலாயா தீபகற்பம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நானிங் போர் அதில் விரிவாக வருகிறது. மதராஸ் படை அதிகாரியான நியூபோல்டின் நூல் 1839இல் வந்தது. இரண்டும் இன்று மின்னூலாகக் கிடைக்கின்றன. அதிகாரிகளுக்குப் பெயர் இருக்கிறது. சிப்பாய்களுக்கு எண்ணிக்கைதான் இருக்கிறது.

மலாக்காவில் செயின்ட் பால் குன்றின் சரிவில் டச்சுக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பெயர்தான் டச்சு, அங்கே படுத்திருப்பவர்களில் ஆங்கிலேயர்களே அதிகம். நானிங் போரில் இறந்த இரண்டு ஆங்கிலேய அதிகாரிகளுக்கு அங்கே ஒரு நினைவுத் தூண் உண்டு. பள்ளிச் சுற்றுலாவில் அதன் அருகில் நின்று படம் எடுத்திருக்கிறேன். இம்முறை தனியாகப் போய், கல்லில் வெட்டிய அந்தப் பெயர்களைப் படித்தேன். அவர்களுக்குப் பக்கத்தில் விழுந்த சிப்பாய்களின் பெயரைத் தேடினால் கல்லும் இல்லை, காகிதமும் இல்லை.

ஓர் உருபு செய்த வேலை

விடுமுறை முடியும் நேரம். தேடலைக் கைவிடலாம் என்றிருந்தேன். அப்போது என் இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியரைச் சந்தித்து நோட்டின் படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். அவர் மூன்று வரியையும் இரண்டு முறை படித்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, பட்டாளத்துல வந்தார்னா எழுதியிருக்கு? பட்டாளத்தோடேன்னுதானே இருக்கு?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. வேற்றுமை உருபு பாடத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவள் நான். 'பள்ளியில் இருந்தேன்', 'பள்ளியோடு வந்தேன்' இரண்டும் ஒன்றா? 'ஓடு' என்றால் உடன் வந்தவர். பட்டாளத்தில் ஒருவராக இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம்.

அன்று இரவு நோட்டின் அடுத்த இரண்டு வரிகளையும் புதிதாகப் படித்தேன். 'பட்டாளம் திரும்பிப் போச்சுது. பாட்டனார் போகவில்லை.' பெயர் பதிவான சிப்பாய் நினைத்தபடி தங்கிவிட முடியாது. பணியிலிருந்து விடுவிக்கப்பட்டிருக்க வேண்டும். அல்லது ஓடிப்போயிருக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. அவர் சிப்பாயாகவே இல்லாமல் இருந்திருக்க வேண்டும்.

அன்றைய படை என்பது துப்பாக்கி பிடித்தவர்கள் மட்டும் அல்லர். துணி வெளுப்பவர், நாவிதர், சமையல்காரர், தண்ணீர் சுமப்பவர், காயம்பட்டவர்களை டோலியில் தூக்குபவர், மாடு ஓட்டுபவர், பீரங்கி இழுக்கும் லஸ்கர், பட்டாளத்துக்குப் பின்னால் கடை போட்டு அரிசியும் புகையிலையும் விற்பவர் என்று ஒரு கூட்டமே கூட வரும். கடல் தாண்டும்போது இந்தக் கூட்டம் சிறுத்துப்போகும். ஆனால் இல்லாமல் போகாது. படை திரும்பும்போது கடைக்காரரோ சலவைக்காரரோ "நான் இங்கேயே பிழைத்துக்கொள்கிறேன்" என்று தங்கிவிடுவதை யார் தடுக்கப் போகிறார்கள்?

பாட்டியிடம் எப்படிச் சொல்வது?

எனக்குப் பயமாக இருந்தது. அவர் கேட்டது ஒரு பெயர். நான் கொண்டு போவதோ, இருந்த பட்டத்தையும் பறிக்கும் செய்தி. துப்பாக்கி பிடித்த குடும்பம் என்று நான்கு தலைமுறையாகச் சொல்லி வந்ததை, ஓர் உருபைக் காட்டி மாற்றலாமா? மாமாவிடம் முதலில் சொன்னேன். "உனக்கு வேற வேலை இல்லையா?" என்று எழுந்து போய்விட்டார்.

பாட்டியிடம் மெல்லச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சிரித்தார்.

"என் அப்பாயி அப்பவே சொல்லும் கண்ணு. தாத்தா துப்பாக்கி, துப்பாக்கின்னு பெருமை பேசினா, அடுப்படியில இருந்தே சத்தம் குடுக்கும். 'உங்க பாட்டன் துப்பாக்கியத் தூக்கிட்டு வந்தாரோ, அரிசி மூட்டையத் தூக்கிட்டு வந்தாரோ, யாரு கண்டா'ன்னு. நாங்க பிள்ளைங்க எல்லாம் சிரிப்போம். யாரும் காதுல வாங்கல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லண்டன் வரை தேடிய விடைக்கு ஒரு துப்பு எங்கள் வீட்டு அடுப்படியில் எழுபது வருடமாக இருந்திருக்கிறது. அந்த அப்பாயிக்கு யார் சொன்னார்கள்? அவருடைய மாமியாரா? நோட்டில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. அதைவிடப் பெரிய ஒன்றையும் அப்போதுதான் கவனித்தேன். 'சுபகிருது வருஷம் தகப்பனார் பிறந்தது' என்று எழுதியவர், அந்தத் தகப்பனாரைப் பெற்றவள் யார் என்று எழுதவில்லை. பாட்டனார் மலாக்காவில் யாரை மணந்தார், அவள் எந்த ஊர்க்காரி, எதுவுமே இல்லை. லண்டன் எழுத்தர் சிப்பாயை விட்டார். எங்கள் தாத்தா பாட்டியை விட்டுவிட்டார்.

மறுபக்கத்தில் நின்றவர்கள்

என்னோடு படிக்கும் தோழி ஒருத்தி அலோர் காஜா பக்கத்தைச் சேர்ந்தவள். இந்தக் கதையைக் கேட்டதும் என்னைத் தாபோ நானிங்குக்கு அழைத்துப் போனாள். டோல் சைட்டின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. 1834இல் அவர் சரணடைந்தார். ஆங்கிலேயர் அவருக்கு ஓய்வூதியம் கொடுத்து மலாக்காவில் வைத்திருந்தார்கள், 1849இல் இறந்தார்.

"உன் மோயாங் வந்த பாதையில் மரத்தை வெட்டிப் போட்டது என் மோயாங்காக இருக்கலாம்" என்றாள். நான் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். சிப்பாயாக இருந்தாலும் அரிசி சுமந்தவராக இருந்தாலும், எங்கள் பாட்டனார் வந்தது இவர்கள் மண்ணில் நடந்த போருக்கு. வீரக் கதை பேசும்போது நாங்கள் யாரும் இதை நினைத்ததில்லை. அவரும் பிழைப்புக்காகக் கப்பல் ஏறியவர்தான். இரண்டும் உண்மை. "பரவாயில்லை, உன் மோயாங் திரும்பிப் போகவில்லையே" என்றாள் தோழி. திரும்பும் வழியில் இருவரும் செண்டோல் குடித்தோம்.

நீங்களும் தேடலாம்

இந்தத் தேடலில் நான் தவறிய இடங்களையும் சேர்த்துச் சில குறிப்புகள் தருகிறேன்.

வீட்டிலிருந்து தொடங்குங்கள். நோட்டு, ஜாதகம், கல்யாணப் பத்திரிகை, கிராண்ட், பழைய அடையாள அட்டை எதையும் தூக்கி எறியாதீர்கள். முதலில் படம் எடுத்து வையுங்கள்.

தமிழ் வருடத்தை ஆங்கில ஆண்டாக மாற்றும்போது 60 ஆண்டுச் சுற்றைச் சரிபாருங்கள். தை முதல் பங்குனி வரையான மாதங்கள் பெரும்பாலும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும்.

ஆங்கில ஆவணங்களில் ஒரே எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். ராமசாமி என்ற ஒரு பெயரையே எழுத்தர்கள் நான்கைந்து விதமாக எழுதியிருப்பார்கள்.

நீரிணைக் குடியேற்ற ஆவணங்களைச் சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடலாம். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் இணையத்தளத்தில் 19ஆம் நூற்றாண்டு நாளிதழ்களைப் படிக்கலாம். கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. மதராஸ் அரசின் பழைய ஆவணங்கள் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

பெரியவர்கள் பேசும்போது பதிவு செய்யுங்கள். முக்கியமாக, திண்ணையில் பெருமை பேசுகிறவரை மட்டும் அல்ல, அடுப்படியிலிருந்து குறுக்கே பேசுகிறவரையும்.

பென்சிலில் ஒரு பெயர்

பெயர் கிடைத்ததா என்று கேட்பீர்கள். ஆவணத்தில் கிடைக்கவில்லை. ஆனால் பாட்டி ஒன்று சொன்னார். "பேரன்னா என்ன? பேரை உடையவன்தானே. மூத்த பேரனுக்குத் தாத்தா பேர்தானே வைப்பாங்க." நோட்டை எழுதியவர் அந்த வீட்டின் மூத்த பேரன். 1899 கிராண்டில் இருக்கும் அவருடைய பெயர், கர வருடத்தில் கப்பலிலிருந்து இறங்கியவரின் பெயராகவே இருக்கலாம்.

இருக்கலாம் என்பதற்கு மேல் சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. ஒரு புதிய நோட்டு வாங்கிக் குடும்ப மரம் வரைந்தேன். உறுதியானவற்றைப் பேனாவில் எழுதினேன். பாட்டனார் இடத்தில் அந்தப் பெயரைப் பென்சிலில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். அவருக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் வரைந்து, 'பாட்டி' என்று மட்டும் எழுதினேன்.

பாட்டி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த பேனாவை வாங்கி, நோட்டின் கீழே தம் அப்பாயியின் பெயரைத் தாமே எழுதினார்.